குண்டில்லாத துப்பாக்கி

சுட முடியாத ஒருவன் சுடாமல் இருந்துவிட்டால், அதைக் கருணை என்று சொல்லலாமா?

தர்க்க சாஸ்திரம் படிப்பவர்கள் பொழுது போகாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி போல இது தோன்றும். பல் பிடுங்கிய பாம்பு கடிக்கவில்லை என்பதற்காக யாரும் அதைச் சாது என்று கொண்டாடுவதில்லை. பெட்டிச் சாவி கைக்கு வராததால் திருடாமல் இருந்த குமாஸ்தாவை யோக்கியன் என்று சொல்ல நமக்கெல்லாம் கொஞ்சம் தயக்கம்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இந்தக் கேள்வி ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் தர்க்கம் படித்தவர் அல்லர், பயிர் வைப்பவர். எழுபது வயதைத் தாண்டியவர். ஊர் திமிரி.

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திமிரி. வட ஆற்காடு ஜில்லா என்று எங்கள் தலைமுறைக்குப் பழகிய பெயர் போய், வேலூர் மாவட்டமாகி, 2019லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிட்டுப் பிழைக்கும் சீமை இது. திமிரியைச் சுற்றி நெல்லும் மணிலாக் கொட்டையும்தான் அதிகம். நண்பரின் வீட்டில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்டீவன்ஸ் கம்பெனி செய்த ஒற்றைக் குழல் ரைபிள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. நரி, முயல், கொல்லையில் கிழங்கைத் தோண்டித் தின்னும் முள்ளம்பன்றி, இவற்றுக்குத்தான் அது ஆகும். கூடவே ஒரு தோல் பை. ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்ட உள்ளூர்த் தோல். இன்றைக்கும் அது கையில் வளைந்து கொடுக்கிறது. உள்ளே தோட்டா செருகும் கண்ணிகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டாதான் இல்லை.

தோட்டா இல்லாத கதையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அதில்தான் விஷயமே இருக்கிறது.

இன்று சாதாரணமாகப் பழக்கத்தில் உள்ள தோட்டாவின் அடிப்பாகத்தைப் பார்த்தால், நட்ட நடுவில் பொட்டு வைத்தாற்போல் சின்ன வட்டம் ஒன்று தெரியும். துப்பாக்கியின் ஊசி அந்தப் பொட்டில் குத்துகிறது. பொட்டு வெடித்துப் பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. சுட்ட பிறகு பழைய பொட்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிய பொட்டை வைத்து, மருந்தும் குண்டும் போட்டால், அதே பித்தளை உறை மறுபடியும் தோட்டாவாகிவிடும். ஆனால் இதற்கு முந்திய காலத்தில் வேறொரு வகை செல்வாக்காக இருந்தது. அதில் நடுப்பொட்டு கிடையாது. மெல்லிய செம்புக் குழாயின் அடி விளிம்பை உள்ளே பொள்ளலாக மடித்து, அந்த மடிப்புக்குள் தட்டினால் வெடிக்கும் மருந்தை ஓடவிட்டிருப்பார்கள். துப்பாக்கியின் ஊசி விளிம்பில் எந்த இடத்தில் நசுக்கினாலும் போதும், வெடிக்கும். செய்யச் சுலபம், விலை மலிவு. 1860ல் அமெரிக்காவில் வந்த ஹென்றி ரைபிளும், அந்த நாட்டு உள்நாட்டு யுத்தத்தில் பேர் வாங்கிய ஸ்பென்சரும், சுவிட்சர்லாந்து ராணுவம் தோளில் சுமந்த வெட்டர்லியும் இந்த விளிம்புத் தோட்டாவை நம்பிப் பிறந்தவைதாம்.

அந்த வகையில் ஒரு கோளாறு. விளிம்பு நசுங்க வேண்டுமானால் உறை மெல்லியதாக இருக்க வேண்டும். உறை மெல்லியதாக இருந்தால் பலமான மருந்தைத் தாங்காது. ஆகவே பெரிய துப்பாக்கிகள் நடுப்பொட்டுத் தோட்டாவுக்குத் தாவிவிட்டன. சின்னஞ்சிறு .22 மட்டும் பழைய வழியிலேயே நின்றுவிட்டது. கல்லூரி நாளில் என்.சி.சி.யில் குப்புறப் படுத்துக் குறி பார்த்தவர்கள் சுட்டது அந்த .22தான். இரண்டுக்கும் இடையில் இருந்த .25, .32, .38, .41, .44 என்ற விளிம்புத் தோட்டாக்களைத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது மிச்சம் மீதி இருந்தவற்றின் கதையும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நண்பரின் துப்பாக்கி .32. விளிம்பு ஒரு தடவை நசுங்கினால் நசுங்கினதுதான். உறையைத் திரும்ப நிரப்ப முடியாது. பாட்டனார் சுட்டுப் போட்ட செம்புக் குழாய்களை நண்பர் சிறு வயதில் உதட்டில் வைத்து ஊதல் ஊதியிருக்கிறார். அதற்குத்தான் அவை உதவின.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் நரிக்குறவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போன நாட்டுத் துப்பாக்கியை இதோடு வைத்துப் பார்க்கிறேன். அது இதைவிடப் பழைய ஜாதி. குழல் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, நார் அடைத்து, ரவை போட்டு, கேப்பு வைத்துச் சுடுவது. அதற்கு எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டியிருக்கவில்லை. அதன் பிழைப்பைக் கெடுத்தது 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பழையது சட்டம் தடுக்கும் வரை சுட்டது. புதியதோ எங்கோ ஒரு கணக்குப்பிள்ளை, இந்தச் சரக்கு விற்கவில்லை என்று பேரேட்டில் கோடு போட்ட அன்றைக்கே ஊமையாகிவிட்டது. எத்தனையோ மகான்கள் சொல்லியும் கீழே வைக்காத ஆயுதங்களை ஒரு லாப நஷ்டக் கணக்கு கீழே வைக்கச் செய்துவிட்டது என்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

சரி, நண்பரின் தூக்கத்துக்கு வருவோம்.

அவர் குடும்பத்தில் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. 1943, கார்த்திகை மாதம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. முந்திய ஆண்டு பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அந்த நாட்டு அரிசி வரவில்லை. எங்கும் தட்டுப்பாடு. மணிலாக் கொட்டை பிடுங்கிக் குவித்திருந்த கொல்லையில் இருட்டில் ஓர் உருவம் குனிந்து எதையோ மடியில் கட்டிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்ற பாட்டனார் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குறி பார்த்தார். 'யார் அது?' என்று அதட்டினார். உருவம் நிமிர்ந்தது. கூலிக்கு வரும் பெண்பிள்ளை. பக்கத்தில் ஒரு சிறுமி. பாட்டனார் துப்பாக்கியை இறக்கினார். தம் கையாலேயே இரண்டு படி கொட்டையை அளந்து அவள் மடியில் போட்டு, 'போ' என்று அனுப்பிவைத்தார்.

கையில் துப்பாக்கி இருந்தும் சுடாத மனுஷர்! கல்யாணம், கருமாதி, புதுமனை புகுவிழா, எது நடந்தாலும் அந்த வீட்டில் இந்தக் கதை ஒரு தடவை வந்துவிடும். நண்பருக்கும் அதுதான் பால பாடம். தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லியே வளர்த்தார்.

பரணை ஒழித்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. பாட்டனார் கணக்கில் கறார்ப் பேர்வழி. சென்னை மவுண்ட் ரோட்டுக் கடை ஒன்றில் 1940ல் ஐம்பது தோட்டா வாங்கிய பில் அதில் ஒட்டியிருந்தது. அதன் கீழே ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வரி. 'நரி, 1.' 'முயல், 1, தவறியது.' 'முள்ளம்பன்றி, 2.' ஐம்பதாவது தோட்டா 1943 புரட்டாசியில் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பக்கங்கள் காலி.

புரட்டாசியில் தோட்டா தீர்ந்துவிட்டது; கார்த்திகையில் கருணை பிறந்திருக்கிறது.

நண்பர் இதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. நான் சமாதானம் சொல்லத் தொடங்குவதற்குள் அவரே ஒரு திட்டத்தையும் சொன்னார். தோட்டா செய்யப் போகிறாராம். இப்படிப்பட்ட கிழத் துப்பாக்கிகளை வைத்திருக்கும் அமெரிக்கக்காரர்கள் பித்தளையில் உறை கடைந்து, அதன் ஓரத்தில் .22 வெற்றுத் தோட்டா ஒன்றைச் செருகிப் பழைய ரைபிள்களைச் சுட வைக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறார். வேறு சிலர் துப்பாக்கியின் ஊசியையே நடுப்பொட்டுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பழம்பொருள் ரசிகர்களுக்கு அது கோயில் சிலையின் மூக்கைச் செதுக்குவது போல. பிரேசில் நாட்டுக் கம்பெனி ஒன்று சில காலம் .32 விளிம்புத் தோட்டாவைப் புதிதாகவே செய்து விற்றதும் உண்டு. நண்பர் இத்தனையும் விசாரித்து வைத்திருந்தார். ராணிப்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் அரை அங்குலப் பித்தளைக் கம்பிகூட வாங்கிக் கொடுத்தாயிற்று.

'நரி சுடவா?' என்று கேட்டேன்.

'ஐயோ, யாரைச் சுடப் போகிறேன்! ஒரே ஒரு தோட்டா. அதைப் பைக் கண்ணியில் செருகி வைத்துவிடுவேன். சுடமாட்டேன்.'

'பிறகு எதற்கு?'

'சுட முடிந்தும் சுடவில்லை என்று ஆகட்டுமே. தாத்தாவுக்கு ஒரு தோட்டா குறைந்துபோய்விட்டது. அதை நான் போட்டு நிரப்புகிறேன்.'

வேடிக்கையாகத் தோன்றுகிறதல்லவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டனாருக்காகத் தாம் ஏற்கும் விரதம் போல அவர் இதைச் சொன்னார். அதற்கு அவர் காட்டிய ஆதாரங்களும் லேசானவை அல்ல. கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனைத்தான் வள்ளுவர் அடக்கியவன் என்று ஒப்புக்கொள்கிறார். பலிக்காத இடத்தில் அடக்கியதற்கு அவர் மார்க்குப் போடுவதில்லை. காந்தியையும் இழுத்தார். இது பலருக்கு மறந்துபோன சங்கதி. 1918ல் கேடா ஜில்லாவில் காந்தி கிராமம் கிராமமாகப் போய் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தார். அகிம்சைக்காரர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம், அடிக்கத் தெரியாதவனுக்கு அடிக்காமல் இருக்கவும் தெரியாது என்பதுதான். 1878ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கியது. அதைப் பிரிட்டிஷ் ஆட்சியின் மிகக் கறுத்த செயல்களில் ஒன்றாக அவர் கருதினார். கேடா ஜனங்கள் அந்த அழைப்புக்கு அதிகம் அசைந்து கொடுக்கவில்லை. அலைச்சலில் காந்தி படுக்கையில் விழுந்ததுதான் கண்ட பலன். ஆனாலும் வாதம் வாதம்தானே என்றார் நண்பர். பலவீனனின் சாந்தம் சாந்தமல்ல. பலம் முதலில் வரட்டும், சாந்தம் பிறகு.

சட்டப்படி இது நடக்காது என்று நான் எடுத்துச் சொன்னேன். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருக்கிறது என்பதால் தோட்டா செய்யும் உரிமம் தானாக வந்துவிடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அதற்குத் தனி உரிமம் வேண்டும். இல்லாமல் செய்தால் ஒரு தோட்டாவானாலும் குற்றம். தட்டினால் வெடிக்கும் மருந்தோடு வீட்டில் விளையாடுவது வேறு. பேரக் குழந்தைகள் ஓடியாடும் வீடு அது. நண்பர் தலையை ஆட்டினார். சட்டத்துக்குப் பயந்து விட்டுவிட்டால், அப்போதும் முடியாததால் செய்யாதவன் என்ற பெயர்தானே என்றார். அந்த இடத்தில் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் எண்ணுவதெல்லாம் துப்பாக்கியின் பின்பக்கத்துக் கணக்கு. குழலுக்குப் பின்னால் நிற்பவனுக்குத்தான் உள்ளே குண்டு இருக்கிறதா, இல்லையா என்பது தெரியும். அவனுக்குத்தான் அது பெரிய வித்தியாசம். முன்னால் நிற்பவனுக்கு?

இந்தத் திமிரிக்கே இது புதிய பாடமல்ல. 1751 செப்டம்பரில் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்தபோது, அங்கிருந்து வெளியேறிய சந்தா சாகிபின் ஆட்கள் திமிரிக் கோட்டைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். கிளைவ் படையோடு திமிரிக்கு வந்தார். ஏரிக்கரையில் சண்டை நடந்தது. எதிரிகளை விரட்டிவிட்டுக் கோட்டை வாசலுக்கு வந்து, சரணடையச் சொல்லி ஆள் அனுப்பினார். கோட்டைத் தலைவர் மேலிருந்து நிதானமாகப் பார்த்தார். சுவரை இடிக்கும் பெரிய பீரங்கி எதையும் வந்தவர்கள் இழுத்து வரவில்லை. 'முடியாது' என்று சொல்லிவிட்டார். கிளைவ் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பரில், ஆற்காட்டு முற்றுகை முறிந்து காற்று திசை மாறிய பிறகு, கிளைவ் மறுபடி வந்தபோது முதல் அழைப்பிலேயே கோட்டை பணிந்தது. ஓர்ம் எழுதிய பழைய சரித்திரத்தில் இது நாலைந்து வரிதான். அந்தத் தலைவரிடம் கோட்டை மதில் இருந்தது. மதில் மேலிருந்து எண்ணிப் பார்க்கவும் முடிந்தது. எதிரியின் ஆயுதத்தில் எது குறைகிறது என்று நின்று எண்ணிப் பார்ப்பதற்கு முதலில் ஒரு மதில் வேண்டும். இருட்டில், வெட்டவெளிக் கொல்லையில், கையில் குழந்தையோடு நிற்பவளுக்கு மதில் ஏது?

வேலூரில் 1806 ஜூலை 10ந் தேதி நடந்ததையும் பாருங்கள். தலைப்பாகையில் தோல் குச்சம் வைக்கச் சொன்னதும், நெற்றிக்குறியை அழிக்கச் சொன்னதும் பொறுக்காமல் சிப்பாய்கள் எழுந்தார்கள். விடிவதற்குள் கோட்டை அவர்கள் கையில். அறுபத்தொன்பதாம் ரெஜிமெண்டு வெள்ளைக்காரச் சோல்ஜர்களில் நூறு பேருக்கு மேல் செத்துவிட்டார்கள். மிஞ்சியவர்களில் அறுபது பேர் போல மதில் மேல் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் தோட்டா தீர்ந்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஓடிவந்த கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதில் மேல் ஏறி, அந்தத் தோட்டா இல்லாத ஆட்களையே துப்பாக்கி முனைக் கத்தியோடு முன்னே நடத்தினார். பிறகு கோட்டைக் கதவைப் பீரங்கி உடைத்தது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறு சிப்பாய்கள் அளவில் வெளியே இழுத்து வரப்பட்டுச் சுவரோரமாக நிற்கவைத்துச் சுடப்பட்டார்கள். அன்று காலை 'அவர்களிடம் குண்டு தீர்ந்துவிட்டது' என்ற சேதி யாரையும் காப்பாற்றிவிடவில்லை.

அரசாங்கத்துக்கும் இந்தச் சூட்சுமம் தெரிந்தே இருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமம் உள்ள துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். நண்பரும் தம் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். எண்பது வருஷமாகத் தோட்டா காணாத துப்பாக்கி என்று சொன்னால், ரைட்டர் சிரிப்பாராம். சிரித்துக்கொண்டே ரசீதும் எழுதுவாராம். அதே 1959 சட்டத்தில், பழம்பொருளாகிவிட்ட ஆயுதத்துக்கு ஒரு விலக்கும் இருக்கிறது. ஆனால் பழமை மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, எப்படியும் சுட உதவாததாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சட்டம் எழுதியவர்கள் தத்துவவாதிகள் அல்லர். இருந்தாலும் 'இப்போது சுடாது' என்பதையும் 'இனி எப்போதும் சுடாது' என்பதையும் அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நண்பரின் துப்பாக்கி முதல் வகை. அதனால்தான் உரிமமும் ரசீதும்.

வள்ளுவர் விஷயத்திலும் நண்பர் ஒரு குறளோடு புத்தகத்தை மூடிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். அடுத்த குறளிலேயே, பலிக்காத இடத்துக் கோபமும் தீதுதான் என்று வருகிறது. குண்டு இல்லாத துப்பாக்கியைத் தூக்கிப் பிடிப்பதும் கோபம்தானே? குடும்பக் கதையில் பாட்டனார் துப்பாக்கியை இறக்கியதற்கு அறுபது எழுபது வருஷமாகப் புகழ் பாடியாகிறது. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அதை ஏற்றினாரே, அந்த வரியை எந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது? தோட்டா இல்லை என்று அறிந்தே ஏற்றியிருந்தால், கொலை செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பயமுறுத்தும் எண்ணம் இருந்தது. அது நிறைவேறியும் விட்டது. அதற்குத் தோட்டா தேவைப்படவில்லை. அந்தத் துப்பாக்கி அன்று செய்யவேண்டிய வேலையில் முக்கால் பங்கைச் செய்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கியது.

அந்த மனுஷரிடம் கருணையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு படி மணிலாக் கொட்டை இருக்கிறதே! பஞ்ச காலத்தில், திருட வந்தவள் என்று நினைத்த ஒருத்திக்கு, யாரும் கேட்காமல் அளந்து போட்ட இரண்டு படி. அதில் ஒரு குறையும் கிடையாது. நிஜக் கொட்டை, நிஜப் படி. புரட்டாசியில் தோட்டா தீர்ந்ததால் அந்தக் கொட்டையில் ஒன்றாவது குறைந்துவிட்டதா? பேரன் தாத்தாவுக்குப் பட்டயம் தேடிக்கொடுக்க வேண்டுமானால் அந்தப் படியைப் பார்க்கலாம். துப்பாக்கியில் தேடுவானேன்?

நான் இவ்வளவும் சொன்னேன். நண்பர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'அந்தச் சிறுமி இருக்கிறாள்' என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாயும் மகளும் என்று கதையில் வருகிற மகள். அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. இப்போது தொண்ணூறை ஒட்டிய கிழவி. அதே ஊரில், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், பேரன் வீட்டில் இருக்கிறாள். இத்தனை வருஷமாகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் ஒருவர்கூட அவளைப் போய்க் கேட்டதில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேரும் போனோம்.

திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கண் மங்கல். காது நன்றாகக் கேட்கிறது. நண்பரை இன்னார் பேரன் என்று சொன்னதும் காலை மடக்கிக்கொண்டாள். வேண்டாம் ஆயா, நீட்டிக்கொள்ளுங்கள் என்று அவர் பதறினார். பழைய கதையைக் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. நேற்று நடந்தது போலச் சொன்னாள்.

'மெய்தான் தம்பி. ரெண்டு படி போட்டாரு. அம்மா அத அவிச்சி எங்க எல்லாருக்கும் குடுத்துச்சி. அது மட்டும் துன்னல. மூணு நாளு சுரம். வாயில எதுவும் எறங்கல.'

'திருட வரவில்லையா?'

'இன்னா திருட்டு? புடுங்கின கொல்லையில தப்பு பொறுக்கறது. பகல்ல பொறுக்கினா மேஸ்திரி திட்டுவான்னு இருட்டுல போச்சி.'

நண்பர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எதற்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, அந்த நோட்டுப் புத்தக விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டார். 'ஆயா, அன்றைக்கு அந்தத் துப்பாக்கியில் குண்டு இல்லை. தீர்ந்துபோய் இரண்டு மாசம் ஆகியிருந்தது.'

கிழவியின் கை கீரையில் நின்றது. ஏதாவது சிரிப்பாள், அல்லது அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் கணக்குப் போட்டாள்.

'அத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? அம்மா அதுக்கப்புறம் அந்த வரப்புல காலே வெக்கல. ஏரிய சுத்திக்கினுதான் கூலிக்குப் போவும், வரும். போவ அர நாழி, வர அர நாழி ஜாஸ்தி. சாவற வரிக்கும் சுத்திச்சி. இருவத்தஞ்சி வருசம்.'

அவ்வளவுதான் சொன்னாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, நடந்த தூரத்தைச் சொன்னாள். பிறகு, வந்தவர்களுக்கு மோர் கொடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.

திரும்பும்போது ஏரிக்கரை மேலேயே நடந்து வந்தோம். நண்பருக்கு வயதாகிவிட்டது, இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஐம்பதாவது வரிக்குக் கீழே காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினாரா என்று நான் கேட்கவில்லை.

வருகிற மாசியில் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் துப்பாக்கி எதற்காக வேண்டும் என்று கேட்கும் இடத்தில் இதுவரை பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதிவந்திருக்கிறார். இந்தத் தடவை என்ன எழுதுவது, அல்லது எழுதாமல் ஸ்டேஷனிலேயே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. மகனுக்கு அதைக் கொடுக்க மனமில்லை. மகள் குடும்பச் சொத்து என்கிறாள். தோல் பையை மட்டும் பேத்தி பென்சில் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் நான் ஊருக்குப் புறப்பட்டபோது அவரும் ராணிப்பேட்டை வரை பஸ்ஸில் வந்தார். லேத்துப் பட்டறையில் கம்பி அப்படியே கிடந்தது. எதற்கு என்று தெரிந்த நாளிலிருந்தே பட்டறைக்காரர் அதைத் தொடவில்லையாம். 'நான் ஸ்பிரேயருக்கு மூக்குக் கடையறவன் சார், எனக்கு இதெல்லாம் வேணாம்' என்றார். ஸ்பிரேயருக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, நண்பர் கம்பிக்கான பணத்தை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.